புது கோச்சின் முதல் சீசனில் லெக்சிங்டனுக்கு வந்து சேர்ந்தோம்

2024 கோடையில் நாங்கள் கோவையிலிருந்து கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனுக்குக் குடிவந்தபோது ஊர் முழுக்க ஒரே பேச்சுதான். கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் பதினைந்து ஆண்டுகள் கோச்சாக இருந்த ஜான் கலிபாரி ஏப்ரலில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு மார்க் போப் வந்திருக்கிறார். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனால் அங்கே கேட்பார்கள், பல் டாக்டர் கேட்பார், கடையில் பில் போடும் பெண் கேட்பார்: போப் எப்படிச் செய்வார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எந்த நாடு, எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். நேற்று வந்தவர்களுக்கும் இதில் ஒரு கருத்து இருக்கும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த மாநிலத்தில் தொழில்முறைக் கூடைப்பந்தின் என்பிஏ அணி கிடையாது, அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் அணியும் கிடையாது. கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டம்தான் எல்லாம். 1948 முதல் 2012 வரை எட்டு முறை தேசியப் பட்டம். நகர் நடுவே இருக்கும் ரப் அரீனாவில் இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 1930 முதல் 1972 வரை இந்த அணிக்குக் கோச்சாக இருந்த அடால்ஃப் ரப்பின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

கலிபாரி மேல் இருந்த வருத்தம் பழையது. 2012 பட்டம் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். ஆனால் 2019க்குப் பிறகு தேசியப் போட்டியில் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் கூட வர முடியவில்லை. 2022இல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் முதல் சுற்றிலேயே தோல்வி. 2024இல் ஓக்லாண்டிடம் மறுபடியும் அதேதான். அந்த ஆட்டத்தில் ஜேக் கோல்கி என்ற பையன் தனியாகப் பத்து மூன்று புள்ளி ஷாட்கள் போட்டான். அந்தப் பெயரை இங்கே யாரும் இன்னும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

போப் பெயர் அறிவிக்கப்பட்ட அன்று பலருக்கும் ஏமாற்றம். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், கோச்சாக தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காதவர். ஆனால் 1996இல் பட்டம் வென்ற கென்டக்கி அணியின் கேப்டன்களில் ஒருவர். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அவரை அறிமுகப்படுத்தும் கூட்டத்துக்கே ரப் அரீனா நிரம்பிவிட்டது. பந்து கூடக் கிடையாது, வெறும் பேச்சு. அந்தக் காட்சியை எனக்கு விவரிக்காத ஆளே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் வேலியோரம் நின்றால் கோச்சுகளின் முதல் வருடங்களை வரிசையாகச் சொல்வார். நம் ஊரில் பெரியவர்கள் கல்யாணங்களை வைத்து வருஷத்தை நினைவில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

ரிக் பிட்டினோவின் முதல் சீசன் 1989-90. விதிமீறலுக்காக அணிக்குத் தண்டனை. தேசியப் போட்டியில் ஆட முடியாது, ஆட்டங்களை டிவியில் நேரடியாகக் காட்டவும் முடியாது. நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் போய்விட்டார்கள். 14 வெற்றி, 14 தோல்வி. ஆனால் அதைச் சொல்லும்போதுதான் தாத்தா முகம் மலரும். இருந்த பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள் என்பார். 1998இல் டப்பி ஸ்மித் முதல் சீசனிலேயே பட்டம் வென்றார். அப்படியும் அது பிட்டினோ சேர்த்த பையன்கள்தானே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்து வந்த பில்லி கில்லிஸ்பி, 2007 நவம்பரில் கார்ட்னர்-வெப் என்ற அணியிடம் சொந்த மண்ணிலேயே தோற்றார். இரண்டே வருடத்தில் அனுப்பிவிட்டார்கள். கலிபாரியின் முதல் சீசன் 35 வெற்றி, 3 தோல்வி.

இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. இந்த ஊர் புது கோச்சிடம் முதல் வருடத்தில் எதிர்பார்ப்பது கோப்பையை மட்டும் அல்ல. நம்மை, இந்த ஜெர்சியை, அவர் தன்னுடையதாக நினைக்கிறாரா என்று பார்க்கிறார்கள். அது தெரிந்துவிட்டால் தோல்விகளைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

போப்புக்கு ஒரே ஒரு கஷ்டம் இருந்தது, அது பெரியது. முந்தைய அணியின் ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. லமான்ட் பட்லர், கோபி ப்ரே, ஓட்டேகா ஓவே, ஜாக்சன் ராபின்சன் என்று வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை வைத்தே அணியைக் கட்டினார். அதோடு உள்ளூர்ப் பையன்களையும் எடுத்தார். ட்ராவிஸ் பெர்ரி கென்டக்கி பள்ளிக் கூடைப்பந்து வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த பையன். ட்ரென்ட் நோவா கிழக்கே நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ஹார்லனைச் சேர்ந்தவன். அவர்கள் களமிறங்கினால் வரும் கைதட்டலே வேறு.

அக்டோபரில் சீசனைத் தொடங்கும் பிக் ப்ளூ மேட்னஸ் விழாவுக்குப் பிட்டினோ வந்தார். பின்னாளில் பரம எதிரியான லூயிவிலுக்குக் கோச்சாகப் போய், இங்கே வருஷக்கணக்கில் திட்டு வாங்கியவர். அவரை எழுந்து நின்று வரவேற்றார்கள். தன் பழைய மாணவன் போப்புக்காக அவர் வந்தார் என்பது போதுமானதாக இருந்தது.

நவம்பரில் ட்யூக் அணியை 77-72 என்று ஜெயித்த இரவு தெருவில் ஹார்ன் சத்தம். டிசம்பரில் சியாட்டிலில் கொன்சாகாவிடம் 18 புள்ளி பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 90-89. அந்த ஆட்டம் முடியும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. நானும் என் மனைவியும் தூங்கவே போகவில்லை. ஒரு வாரத்தில் லூயிவிலுக்கு எதிராகப் பட்லர் 33 புள்ளி. லூயிவிலுக்கும் அந்த வருடம் புது கோச், பேட் கெல்சி. முந்தைய சீசனில் 8-24 என்று கிடந்த அணியை 27-8க்குக் கொண்டுவந்தார். அங்கே எதிர்பார்ப்பு தரைமட்டத்தில் இருந்ததால் ஒவ்வொரு வெற்றியும் அவர்களுக்குத் திருவிழா. காரில் ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள், எவ்வளவு வித்தியாசம்!

பிப்ரவரி 1 அன்று கலிபாரி ஆர்கன்சா அணியோடு திரும்பி வந்தார். கூட்டம் கூச்சலிட்டது. அவரோடு போன கென்டக்கிப் பையன்களும் எதிரணியில். ஆர்கன்சா 89-79 என்று ஜெயித்தது. மறுவாரம் ஆபீசில் யாருமே வாயைத் திறக்கவில்லை. போப் மேல் முதல் வருடத்தில் இருந்த பொறுமைக்கு அதுதான் பெரிய சோதனை என்று நினைக்கிறேன். பட்லருக்குத் தோள்பட்டை, ராபின்சனுக்கு மணிக்கட்டு என்று காயங்கள் வேறு. அப்படியும் யாரும் அவரை அனுப்பச் சொல்லவில்லை.

மார்ச்சில் ட்ராய், இல்லினாய் இரண்டையும் வென்று, 2019க்குப் பிறகு முதல்முறையாகக் கடைசிப் பதினாறுக்குள் போனார்கள். அதே சீசனில் தாங்களே இரண்டு முறை தோற்கடித்திருந்த டென்னசியிடம் இண்டியானாபொலிஸில் 78-65 என்று தோற்றார்கள். மொத்தம் 24-12. இந்த ஊர்க் கணக்குக்குப் பன்னிரண்டு தோல்வி அதிகம்தான். தாத்தாவிடம் கேட்டேன். "முதல் வருஷத்துக்கு எனக்குத் திருப்தி" என்றார். அடுத்த வருஷம் இந்தச் சலுகை இருக்காது என்பதையும் உடனே சேர்த்துக்கொண்டார்.

மே மாதக் கடைசியில், ஓவே என்பிஏ அணிகளின் ஆட்டக்காரர் தேர்விலிருந்து விலகி மறுபடி கென்டக்கிக்கே ஆட வருகிறான் என்று செய்தி வந்தது. அதை வேலியோரம் ஓடிப்போய்த் தாத்தாவுக்கு முதலில் சொன்னது நான்தான்.