சூலத்தில் ஒரு பெருவிரல்

காமனைச் சிவன் எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்கு, சிவன் வேஷக்காரருக்குச் செய்த மரச் சூலம் லயத்து இஸ்தோப்பில், அதாவது தோட்ட வரிசை வீட்டின் முன் திண்ணையில், காய்கிறது. குரோம் ஸ்பிரே அடித்ததில் முகம் பார்க்கும் கண்ணாடிதான். நடுமுனையில் மட்டும் சாம்பலாக ஒரு பெருவிரல் ரேகை.

யாருக்கோ ஆசை தாங்கவில்லை!

குரோம் ஸ்பிரேயில் பாதி வேலை அடியில் இருக்கும் கறுப்புதான். மரத்துக்குப் பட்டி போட்டு, 400, 800, கடைசியில் 2000 நம்பர் சேண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். மேலே பளபளக்கும் கறுப்பு. அதில் உங்கள் முகம் தெரியாவிட்டால் குரோமிலும் தெரியாது.

எனமல் கறுப்பென்றால் இரண்டு நாளாவது காயட்டும். ஈரத்தில் அடித்தால் குரோம் மங்கிவிடும்.

20 சென்டிமீட்டர் தள்ளி, புகை மாதிரி மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. ஆசைப்பட்டு ஊற்றினால் உலோகத் துகள்கள் தட்டையாகப் படியாது, வெறும் தகரப்பெட்டி சில்வர்தான் மிஞ்சும்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் ஸ்பிரே கேனைத் தொடவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து பால் பூத்துவிடும். பகல் வெயில்தான் சரி. கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம், அடுப்பில் காட்டக் கூடாது.

மேலே கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்தால் பெரும்பாலும் மினுக்கம் செத்துவிடும். பிடிக்கிற இடத்தில் சிவப்புத் துணி சுற்றுவதே மேல்.

அந்த ரேகையைத் துடைக்காதீர்கள், இன்னும் பரவும். முனையைத் தேய்த்து, திரும்பவும் கறுப்பிலிருந்து.