வகுளாபரணமும் ஜி செவனும்

ஃபிரிஜியன் டாமினன்ட் என்று ஜாஸ் கலைஞர்கள் அழைக்கும் ஸ்கேலின் (ஸ்வர வரிசையின்) ஏழு ஸ்வரங்களும் நம் கர்நாடக சங்கீதத்தின் 14ஆவது மேளகர்த்தாவான, அதாவது தாய் ராகமான, வகுளாபரணத்தின் ஸ்வரங்களே. சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவும் அந்த இடைவெளிதான் இதற்குத் தனி நிறம் தருகிறது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் நடக்கையில் ஹிஜாஸ் மகாமில் (மகாம் என்பது அரபு இசையின் ராகம் போன்றது) பாங்கொலி எழுந்தால் அதே தாவலைக் கேட்கலாம். ஆகவே, பிரிக்ஃபீல்ட்ஸில் கர்நாடக சங்கீதம் பயின்றபின் கிட்டாருக்கு வந்த என் போன்றவர்களுக்கு இந்த ஸ்கேல் விரைவில் கைவந்துவிடுகிறது. எங்கே போய் நிற்பது என்பதுதான் பிடிபட நாளாகிறது.

சி மைனரில் அமைந்த ஒரு ஜாஸ் பாடலில் டி ஹாஃப் டிமினிஷ்ட், ஜி செவன், சி மைனர் என்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) நகரும்போது, ஜி செவன் ஒலிக்கும் சிறு பொழுதுக்கு மட்டுமே ஜி, ஏ ஃபிளாட், பி, சி, டி, இ ஃபிளாட், எஃப் என்ற இந்த வரிசை பொருந்துகிறது. சுருதியோடு வளர்ந்த நம் காது ஜியை ஆதார ஸ்வரமான ஷட்ஜமாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிடியையும் (சிறு ஸ்வரத் தொடரையும்) அங்கேயே கொண்டுவந்து முடிக்கப் பார்க்கும். சி மைனர் வந்தபின் ஜி அதன் பஞ்சமமாகிவிடுவதால் அபஸ்வரமாகாது. ஆனால், வாக்கியம் முடிந்த நிறைவும் கிடைக்காது. பி அரை ஸ்வரம் ஏறி சியிலும், எஃப் இறங்கி இ ஃபிளாட்டிலும் சேரும்போதே ஜி செவன் எழுப்பிய பதற்றம் தணிகிறது.

ஸ்பெயினின் ஃபிளமென்கோ இசையில் நிலைமை நேர்மாறானது. ஏ மைனர், ஜி, எஃப், இ என்று கார்டுகள் இறங்கிவந்து இ மேஜரில் அமர்கின்றன; அதற்கு அப்பால் போக வேண்டிய இடம் எதுவுமில்லை. 12 எண்ணிக்கை கொண்ட சொலேயா என்ற ஃபிளமென்கோ வடிவத்தில் பெரும்பாலும் 10ஆவது எண்ணிக்கையில் அந்த இ வந்து விழுவதைக் கேட்டால், இதுதான் ஷட்ஜம் என்பதில் ஐயம் எழாது. எனினும் இதை அப்படியே வகுளாபரணம் என்று சொல்லிவிட முடியாது: ஜி ஷார்ப்போடு ஜியும் தாராளமாக வருவதால், இரண்டு காந்தாரங்களும் புழங்கும் பாஷாங்க ராகத்தை (தாய் ராகத்தில் இல்லாத ஸ்வரமும் வரும் ராகத்தை) போலவே இதை நான் கேட்கிறேன்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். ஃபிளமென்கோவுக்குச் சுருதிப் பெட்டியை இயில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாஸுக்கோ, ஜியில் வைக்காமல் சியில் வைத்து, அதே ஏழு ஸ்வரங்களைக் கீரவாணி ராகமாகப் பாடி, அதன் பஞ்சமத்திலிருந்து புறப்படும் பிடிகளை மட்டும் கிட்டாருக்கு மாற்றுங்கள்.