ஹெர்மிடேஜ்: சுற்றிப் பார்க்கிறவர்களுக்கான நாட்குறிப்பு

ஏப்ரல் 9

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குக் கிழக்கே உள்ள ஹெர்மிடேஜ் என்ற இந்த வீடு அமெரிக்காவின் 7-ஆவது குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனுடையது. வந்த வேகத்தில் வாசற்படி ஏறாமல் முதலில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முன்பக்கம் வெளிர்நிறக் கல் மாளிகையாகத் தெரியும். பக்கவாட்டில் வெறும் சிவப்புச் செங்கல். 1834 அக்டோபரில் புகைபோக்கியில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. திரும்பக் கட்டியபோது கிரேக்கக் கோயில் பாணியில் முகப்பு வைத்து, கரி படிந்த செங்கலை வண்ணத்தால் மூடினார்கள். கல் போலத் தெரிய, தூண்களுக்கு அடித்த வண்ணத்தில் மணல் சேர்த்தார்கள். தள்ளி நின்றால் எடுபடுகிறது. கிட்டே போய்த் தொட்டால் சொரசொரப்பு காட்டிக் கொடுத்துவிடும்.

ஏப்ரல் 10

நடுக்கூடத்தில் நேரம் ஒதுக்குங்கள். சுவர் முழுக்கப் பாரிஸ் டுஃபூர் பட்டறையின் சுவர்த்தாள்: கிரேக்கப் புராணத்தில் தந்தையைத் தேடிப் போன டெலிமாக்கஸ், கலிப்சோ என்ற தேவதையின் தீவில். மரக்கட்டையில் செதுக்கி, நிறத்துக்கொரு கட்டையாக ஒற்றிய அச்சு. பசை கலந்த நிறமி என்பதால் ஈரத்துணி பட்டாலே கரையும். வெயில் பட்டால் வெளுக்கும். காற்றில் ஈரப்பதம் ஏறி இறங்கினால் தாளின் ஓரங்கள் சுவரைவிட்டு எழும்பும். இப்படிப்பட்ட வீடுகளில் வெளிச்சம் மங்கலாக இருப்பது இதனால்தான். வெயிலிலிருந்து நேரே நுழைந்தால் ஒன்றும் புலப்படாது, கண் பழகும்வரை நில்லுங்கள். அறைகளை வாசலில் நின்றுதான் எட்டிப் பார்க்க முடியும்; கூட்டத்தின் கடைசியில் போனால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

சாமான்களில் பெரும்பகுதி அந்தக் குடும்பம் புழங்கியதே. பல பழைய வீடுகளில் அந்தக் காலத்துச் சாமானை வெளியில் வாங்கி நிரப்பியிருப்பார்கள். இங்கே அந்தச் சந்தேகம் குறைவு.

ஏப்ரல் 12

மாளிகையோடு திரும்பிவிடுபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். 1804-இல் ஜாக்சன் வந்து தங்கியது மாடி வைத்த மரக்கட்டை வீட்டில். 1821-இல் செங்கல் வீட்டுக்குக் குடிபோனபின், அதை ஒரே தளமாகக் குறைத்து அடிமைகளின் குடியிருப்பாக்கினார். தலைவர் தங்கிய வீடு என்று பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இப்போது நிற்பது அடிமைகள் வாழ்ந்த வடிவம். பருத்தி விளைந்த இந்தப் பண்ணையில் 1845-இல் ஜாக்சன் இறக்கும்போது சுமார் 150 பேர் அடிமைகளாக இருந்தார்கள்.

வயல்பக்கக் குடியிருப்புகளில் எதுவும் நிற்கவில்லை. சுமார் 20 அடிக்கு 20 அடிச் செங்கல் குடில்கள் அவை. தரைக்கடியில் தோண்டிய சேமிப்புக் குழிகளை அகழாய்வில் எடுத்தார்கள். விளக்கப் பலகையிலுள்ள வரைபடத்தை மனதில் வாங்கிக்கொண்டு நடந்தால்தான் இடம் புரியும், இல்லையென்றால் வெறும் புல்வெளி. நிழல் குறைவு, கோடையில் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஏப்ரல் 13

தோட்டத்து மூலையில் ஜாக்சன், மனைவி ரேச்சலின் கல்லறை மண்டபம். அருகிலேயே ஆல்ஃபிரட் ஜாக்சனின் கல்லறை. இங்கேயே அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின்னும் தங்கி, பார்வையாளர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டி, 1901-இல் இறந்தவர். அவர் குடில் மாளிகைக்குப் பின்னால் நிற்கிறது. மற்ற அடிமைகளின் இடுகாடு வெகுகாலம் தெரியாமலிருந்தது. குறைந்தது 28 புதைகுழிகள் இருக்கலாம் என 2024-இல்தான் அறிவித்தார்கள்.