ஒரு சொட்டுக்கும் குறைவு

இரவு இரண்டரை மணி. பெங்களூருவில் நான் வேலை பார்க்கும் பச்சிளங்குழந்தை ஐசியூவில், 30 வாரத்தில் பிறந்த பையன் ஒருவன் வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எடை 1.2 கிலோ. அமைதிப்படுத்த மிடாசோலம் எழுதினார்கள். மருந்தை மெல்ல ஏற்றும் பம்ப் தயாராவதற்குள், "ஒரு லோடிங் குடுத்துடலாம் சிஸ்டர்" என்றார் டூட்டி டாக்டர். லோடிங் என்றால், மருந்து சீக்கிரம் வேலை செய்ய முதலிலேயே மொத்தமாகக் கொடுக்கும் டோஸ். சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தது நான்தான். அவர் சட்டென்று தள்ளிவிட்டார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. குறைமாதக் குழந்தைக்கு நடுக்கம் சகஜம். வெறும் நடுக்கமாக இருந்தால் இரண்டு விரலால் பிடித்தாலே நின்றுவிடும். பிடித்தேன். என் விரல்களுக்குள்ளேயே வெட்டியது. கண் ஒரு பக்கமாக நிலைகுத்த, வாய் சப்புக்கொட்ட, ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு (சாச்சுரேஷன்) 74-க்கு இறங்கியது.

சர்க்கரை, கால்சியம், காலையில் தலைக்கு ஸ்கேன். எதிலும் கோளாறு இல்லை. மருந்தை நிறுத்திய பிறகு வலிப்பு மறுபடி வரவும் இல்லை.

ஃபிட்ஸை நிறுத்துவதற்கும் இதே மிடாசோலத்தைத்தான் போடுகிறோம் என்பதுதான் கூத்து. வளர்ந்த மூளையில் காபா என்ற ரசாயனம் பிரேக் மாதிரி; மருந்து அந்த பிரேக்கை இன்னும் அழுத்தும். குறைமாதக் குழந்தையின் நரம்பணுவுக்குள் குளோரைடு அதிகம். அங்கே அதே காபா ஆக்சிலரேட்டராகிவிடலாம். வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தமும் சரியும். ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சேர்ந்தால் ஆபத்து கூடும். பச்சிளங்குழந்தைக்கு வேகமாகத் தள்ளாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டியே போட்டிருக்கிறார்கள். லோடிங்கே வேண்டாம் என்றும் உள்ளே இருக்கிறது. 32 வாரத்துக்கு முன் பிறந்தால், கிலோவுக்கு மணிக்கு 0.03 மில்லிகிராமில் தொடங்க வேண்டும். இவனுக்கு 0.036. மில்லிக்கு ஒரு மில்லிகிராம் உள்ள மருந்துக் குப்பியில் அது ஒரு சொட்டுக்கும் குறைவு!

காலையில் ஸ்ரீராமபுரத்திலிருந்து அவன் பாட்டி வந்தார். "சீர் தட்டிடுச்சா சிஸ்டர்?" எனக்கு வாய் வரவில்லை. பெரிய டாக்டர் வந்து, "இல்லம்மா, நாங்க போட்ட மருந்தாலதான் வந்திருக்கணும்" என்று நேராகவே சொன்னார்.

பாட்டி அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ எதுக்குமா போட்டீங்க?"

நான் சார்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.