வாரம் ஒரு பக்கம் எழுதிப் பார்த்த அனுபவம்

எழுத வேண்டும் என்ற ஆசை பல வருடங்களாகவே உண்டு. பாதியில் நின்ற கதைகளும் கட்டுரைகளும் நோட்டுகளில் நிறையக் கிடக்கின்றன. இந்த வருடத் தொடக்கத்தில் எனக்கு நானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஞாயிறு இரவுக்குள் அதை முடித்து, வாசிப்பில் ஆர்வமுள்ள நண்பர்கள் சிலருக்கு அனுப்பிவிட வேண்டும். நன்றாக வந்திருந்தாலும் சரி, சுமாராக இருந்தாலும் சரி, அனுப்புவது மட்டும் தவறக் கூடாது. சில மாதங்கள் ஓடிவிட்டன. இதே ஆசையோடு தயங்கி நிற்கிறவர்களுக்கு உதவும் என்பதால், இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எதைப் பற்றி எழுதுவது என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. கையால் செய்து பழகிய வேலைகளை எடுத்துக்கொண்டேன். விஷயம் தெரிந்ததாக இருந்தால், முழுக் கவனத்தையும் வாக்கியத்துக்கே கொடுக்கலாம்.

முதல் வாரம் சைக்கிள் சங்கிலியைச் சுத்தம் செய்வது பற்றி. முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் வந்தது: ‘பின்சக்கரம் கழற்றப்பட்டு, சங்கிலியில் படிந்திருந்த அழுக்கை அகற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது.’ இலக்கணப்படி இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சத்தமாகப் படித்தபோது, யாரோ அறிக்கை வாசிப்பது போல இருந்தது. சக்கரத்தைக் கழற்றிய ஆளையே காணோம்! உட்கார்ந்து மாற்றினேன்: ‘பின்சக்கரத்தைக் கழற்றினேன். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து சங்கிலி முழுக்கக் கறுப்பாக அப்பியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன்.’ இப்போது ஆள் வந்துவிட்டார், பிரஷ் வந்துவிட்டது, அழுக்குக்கும் நிறம் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ‘கழற்றப்பட்டது’, ‘மேற்கொள்ளப்பட்டது’ என்று ‘பட்டது’ சேர்ந்து வரும் வினைகளைத் தேடிப் பிடித்து, செய்தவரை வாக்கியத்துக்குள் கொண்டுவருவது அதன்பிறகு என் வாராந்திர வேலையாகிவிட்டது.

சத்தமாகப் படிப்பதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதனால் நீளமான வாக்கியத்தில், யார் என்ன செய்தார் என்பது தெரிய வாசகர் முடிவுவரை காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு இது தெரிவதில்லை, மூச்சுக்குத் தெரிந்துவிடும். படிக்கும்போது எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டுகிறேன். ‘ஆனான், ஆனான், ஆனான்’ என்று ஒரே மாதிரி முடிவுகள் வரிசையாக வருவதையும் காதுதான் முதலில் பிடிக்கிறது.

அடுத்து, சந்தி. எழுதத் தயங்குகிற பலருக்கும் இதுதான் பெரிய பயம். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்ற சந்தேகத்திலேயே பாதித் தைரியம் போய்விடும். முழு இலக்கணத்தையும் படித்துவிட்டு எழுத வருகிறேன் என்று நான் காத்திருக்கவில்லை. அடிக்கடி தேவைப்படும் சில விதிகளை மட்டும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டினேன். ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின் வல்லினம் மிகும்: கதையைப் படித்தேன், வீட்டுக்குப் போனேன். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும் மிகும்: அந்தப் பக்கம். ‘படித்துப் பார்த்தேன்’ என்பதில் மிகும். ‘வந்து போனேன்’ என்பதில் மிகாது. பெயரெச்சத்துக்குப் பின் பொதுவாக மிகாது: படித்த கதை, எழுதிய பக்கம். அன்றாட உரைநடையில் வரும் சந்தேகங்களில் பெரும்பகுதி இவற்றிலேயே தீர்ந்துவிடுகிறது. மிச்சத்துக்கு அகராதியோ இலக்கண நூலோ பார்த்துக்கொள்ளலாம். இப்போதெல்லாம் அட்டையை எப்போதாவதுதான் பார்க்கிறேன்.

தட்டச்சு பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழைத் தட்டுவதை விட்டுவிட்டு, 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று அடித்தால் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளி தானாகவே விழும். ஆரம்பத்தில் விரல் திணறும், உண்மைதான். பழகியபின் யோசனையும் தட்டுவதும் ஒரே மொழியில் நடக்கின்றன. எனக்கு அது பெரிய நிம்மதி.

சரி, நம்பிக்கை வந்ததா? வந்தது, நான் எதிர்பார்த்த வழியில் அல்ல. ‘அருமை’ என்று பதில் வந்தால் அன்றைக்கு மனசு நிறையும். அடுத்த வாரம் வெள்ளைப் பக்கத்தின் முன்னால் உட்காரும்போது அந்தப் பாராட்டு துணைக்கு வராது. துணைக்கு வந்தது வேறு வகைப் பதில். என்னைவிட மூத்த நண்பர் ஒருவர், “தம்பி, மூணாவது பத்தியில நின்னுட்டேன். அந்த ஆள் யாருன்னு புரியல” என்று எழுதினார். பத்தியைத் திரும்பப் பார்த்தேன். ‘அவர்’ என்ற சொல் இரண்டு பேரைக் குறித்துக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் பெயரைப் போட்டதும் பத்தி தெளிந்துவிட்டது. அவருக்கே திரும்ப அனுப்பினேன். “இப்ப சரியா இருக்கு” என்றார். எங்கே சிக்குகிறது என்று தெரிந்தால் என்னால் அதை அவிழ்க்க முடியும் என்ற தெம்பு அப்போதுதான் வந்தது. அதிலிருந்து நண்பர்களிடம் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதில்லை. ‘எந்த இடத்தில் நின்றீர்கள்?’ என்றுதான் கேட்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் தயங்காமல் இடத்தைக் காட்டுகிறார்கள்.

வாராவாரம் எழுதுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு பக்கம் சரியாக அமையாவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த வாரம் இன்னொன்று இருக்கிறது. நோட்டுகளில் பாதியில் நின்றவற்றில் சிலவற்றைக்கூட இப்படி முடித்துவிட்டேன். பெரும்பாலும் முதல் பத்தியை முழுதாக எடுத்துவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினால் போதுமானதாக இருந்தது. முதல் பத்தியில் நான் விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இன்னும் பிடிபடாதது உரையாடல். பேச்சுமொழியை எழுத்தில் எவ்வளவு கொண்டுவருவது என்பதில் கை நிதானத்துக்கு வரவில்லை. ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதினால் பாத்திரம் மேடையில் நிற்கிறது; ‘போய்ட்ருக்கேன்’ என்று அப்படியே எழுதினால் வாசிப்பவர் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது. ‘போயிட்டிருக்கேன்’ நடுவில் நிற்கும் போலத் தெரிகிறது. இரண்டு பேர் மட்டும் பேசும் ஒரு பக்கத்தை, ‘என்றான்’, ‘என்றாள்’ எதுவும் போடாமல் இந்த வாரம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். யார் பேசுகிறார் என்பது எந்த வரியில் குழம்புகிறது என்று ஞாயிற்றுக்கிழமை நண்பர்களிடம் கேட்க வேண்டும்.