லாசப்பல் தேரும் பள்ளிக்கூட வாசலும்

பிரான்ஸுக்கு வரமுன்னர் ஊரில் எல்லாரும் சொன்னது, "அங்கை சாமி, சமயம் ஒண்டும் வெளியில காட்டக்கூடாதாம்." வந்த முதல் கோடையிலேயே லாசப்பல் மாணிக்க விநாயகர் தேரைப் பார்த்தேன். பாரிஸின் நடுத்தெருவில் தேங்காய் உடைகிறது, காவடி ஆடுகிறது, பொலிஸ் வீதியை மறித்து வழி விடுகிறது. அப்படியானால் ஊர்க்கதை பொய்யா? முழுப் பொய்யும் இல்லை.

அரசையும் மதத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டம் வழிபாட்டுச் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் தருகிறது. கூடவே, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் காசு கொடுக்காது என்கிறது. (ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம் இது செல்லாது. 1905இல் அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்ததால் அங்கே பாதிரியாருக்கு இன்றும் அரசுதான் சம்பளம் கொடுக்கிறது.) ஆக, நடுநிலை என்ற கடமை அரசுக்குத்தான். ஆனால் அரசு வேலைக்குப் போனால் நீங்களும் அரசுதான். என் மனைவி அரசு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. திருநீற்றை மெத்ரோவிலேயே துடைத்துவிட்டுத்தான் இறங்குவாள். அதே மருத்துவமனைக்கு நான் நோயாளியாகப் பட்டை போட்டுக்கொண்டு போனால் யாரும் வாய் திறக்கமுடியாது. கவுண்டருக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. தனியார் வேலை வேறு. அங்கே முதலாளி தன் இஷ்டத்துக்குத் தடுக்கமுடியாது. நிறுவன விதியில் எழுதியிருக்கவேண்டும், தக்க காரணம் வேண்டும், எல்லா மதத்துக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

இந்தக் கணக்கு குழம்புவது பள்ளிக்கூடத்தில். மாணவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. ஆனாலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று மதத்தைக் காட்டும் அடையாளங்களைத் தடுத்தது. முக்காடு, யூதத் தொப்பி, பெரிய சிலுவை கூடாது. சின்னப் பதக்கம் பரவாயில்லை. அப்போது எங்களுக்குப் பக்கத்து ஊரான பொபினியில் பிக்ரம்ஜித் சிங் என்ற சீக்கிய மாணவனைத் தலைப்பாகைக்காக வெளியேற்றினார்கள். ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் அது அவனுடைய மதச் சுதந்திரத்தை மீறியது என்று முடிவு சொன்னது. சட்டம் அசையவில்லை.

2023 செப்டெம்பரில் பள்ளி திறந்தபோது அபாயாவும், அதாவது முஸ்லிம் பெண்கள் சிலர் போடும் நீள அங்கியும், தடையானது. அரசின் உயர் நிர்வாக நீதிமன்றமும் அந்தத் தடையை நிறுத்த மறுத்துவிட்டது. முக்காடு என்றால் கண்ணால் பார்த்தால் தெரியும். நீளச் சட்டை எப்போது மத உடை ஆகிறது? அந்த வாரம் என் மகள் கணுக்கால்வரை நீண்ட சுடிதாரும் கீற்றுத் திருநீறுமாகப் போனாள். ஒருவரும் கேட்கவில்லை. மேல்மாடி அல்ஜீரியக் குடும்பத்துப் பிள்ளை சாதாரணக் கடையில் வாங்கிய நீளப் பாவாடையோடு போனாள். வாசலில் நிறுத்தி விசாரித்தார்கள். பாவாடையில் சமயம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவளுடைய பெயரில் இருந்தது. எங்கள் ஆட்கள் "நாங்கள் பிரச்சினை இல்லாத சனம்" என்று பெருமையாகச் சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். எங்களை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீடு தேடும்போது அந்தப் பெருமையும் போய்விடும். நண்பர் ஒருவர் போன் எடுத்தபோது வீடு கொடுபட்டாயிற்று என்றார்கள். பிரெஞ்சுக்காரச் சக ஊழியர் அரை மணித்தியாலம் கழித்து எடுத்தால், எப்ப பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டார்கள். இப்படிச் சோதித்துப் பிடிப்பதைச் சான்றாகக் கொள்ள 2006இலிருந்து குற்றவியல் சட்டமே இடம் தருகிறது. பூர்வீகம், பெயர், மதம் பார்த்து வீடு மறுத்தால் மூன்று வருடச் சிறை, 45,000 யூரோ அபராதம்வரை போகலாம். சரி, அறை வாடகைக்கு விடும் எங்கள் ஆட்கள் "ஊரில எந்தப் பக்கம்?" என்று இழுத்து விசாரிக்கிறார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நண்பர் வழக்குக்குப் போகப் பயந்தார், வதிவிட அட்டை புதுப்பிக்க இருந்தது. இப்படியான பாகுபாட்டு முறைப்பாடுகளைக் கேட்க உரிமைப் பாதுகாவலர் (Défenseur des droits) என்று தனி அலுவலகமே இருக்கிறது, 2011இல் தொடங்கியது. அவர்களுடைய பிரதிநிதிகள் பல நகரசபைகளிலும், சட்ட ஆலோசனை கிடைக்கும் நீதி இல்லங்களிலும் வந்து இருப்பார்கள். காசு இல்லை, வக்கீலும் தேவையில்லை. விளம்பரத்தின் பிரதி, அழைத்த நேரம், பதில் சொன்னவர் பெயர், சக ஊழியர் கைப்பட எழுதிய சாட்சிக் கடிதம் இவற்றோடு போனால் போதும். சாட்சிக் கடிதத்தோடு எழுதியவரின் அடையாள அட்டைப் பிரதியையும் இணைக்கவேண்டும். நண்பருக்கு அது கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போகிறேன்.