கவுனி, கௌனி, கெளனி: தேடல் பெட்டி ஒருவழியாக வழிக்கு வந்தது

நேற்று ராத்திரி என் நெல் விதைத் தளத்தின் தேடல் பெட்டி வேலை செய்துவிட்டது. "கருப்புக் கவுனி" என்று அடித்தாலும் "கருப்பு கௌனி" என்று அடித்தாலும் "கறுப்புகெளனி" என்று இடைவெளி இல்லாமல் அடித்தாலும் அதே ஆட்களின் பெயர்தான் வருகிறது. இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன். இந்த ஒரு பெட்டி என்னைப் படுத்திய பாடு அப்படி.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் மன்னார்குடி பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பொழுதுபோக்குக்குப் பிஹெச்பி (வலைத்தளம் செய்ய உதவும் நிரல்மொழி) படிக்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பாரம்பரிய நெல் போடுகிறவர்கள் யாரிடம் என்ன விதை இருக்கிறது என்பதை ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியபோது வைத்திருந்த அதே ஏற்பாடுதான் இங்கும்: 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அவர் 2018 டிசம்பரில் போய்விட்டார், கணக்கு மட்டும் ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கிறது. அந்த நோட்டைத்தான் தளமாக்குகிறேன். படிவம், அட்டவணை, பட்டியல் பக்கம் எல்லாம் முன்பே முடிந்துவிட்டது. அதையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை, எல்லோரும் செய்திருப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தமிழில் கிடைக்கும் பாடக் காணொளிகள் பலவற்றில் தரவுத்தளத்தைக் கேட்க இன்னமும் மைஎஸ்கியூஎல்_கொயரி என்ற பழைய கட்டளையைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிஹெச்பி 7 வந்தபோதே, 2015-லேயே, அதைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் பிடிஓ என்ற இணைப்பு வழியாகப் போங்கள். கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாக அனுப்பும் முறைக்குக் கை பழகிவிட்டால் அப்புறம் வேறு எதுவும் பிடிக்காது.

சரி, தேடலுக்கு வருகிறேன்.

தளத்தை முதலில் தொட்டுப் பார்த்தவர் என் சித்தப்பா. போனில் "கவுனி" என்று தட்டினார். "டேய், எங்க வீட்டுப் பத்தாயத்துல கெடக்குற நெல்லையே இல்லேங்குதுடா ஒன் கம்ப்யூட்டரு" என்றார். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆனால் நோட்டிலிருந்து பார்த்து அடித்துக்கொடுத்த பெண் "கௌனி" என்று அடித்திருந்தாள். இரண்டுமே புழக்கத்தில் உள்ள எழுத்துதான், எதையும் தப்பு என்று தள்ள முடியாது.

கவுனி, கௌனி என்ற இரண்டோடு முடிந்திருந்தால் ஒரே ஒரு மாற்று வரியில் தீர்த்திருப்பேன். பட்டியலைக் கிளறினால் மூன்றாவது ஒன்று கிடந்தது: கெளனி. கண்ணுக்கு முந்தையதைப் போலவேதான் தெரிகிறது. உள்ளே பார்த்தால் ஔகாரக் குறி இல்லை, எகரக் குறியும் அதன் பின்னால் ஒரு முழு ள எழுத்தும். பல போன் விசைப்பலகைகளில் ஔகாரக் குறி எங்கேயோ ஒளிந்திருப்பதால் ஆட்கள் கையில் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். நாலாவது ரகமும் உண்டு: எகரக் குறி, அதன்பின் ஔகாரத்தின் வலது பாதிக்கென்றே யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் தரம்) தனியாக இருக்கும் குறி. இதுவாவது முறையானது, யூனிகோட் கணக்கில் ஔகாரக் குறிக்குச் சமம். ஆனால் பிஹெச்பியின் இரட்டைச் சமக்குறிக்கு அது தெரியாது. அது பைட்டை, அதாவது கணினி எழுத்தைச் சேமித்து வைக்கும் எண்களைப் பார்க்கிறது, பைட் வேறாக இருந்தால் வேறு என்கிறது.

இந்த பைட் விவகாரம் பிஹெச்பியோடு பிறந்தது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சுயவிவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க எழுதிய சின்னக் கருவி அது, 1995-ல் வெளியிட்டார். எழுத்து என்றால் ஒரு பைட் என்ற காலம். பிறகு யூனிகோடை உள்ளுக்குள்ளேயே கொண்டுவருகிறோம் என்று பிஹெச்பி 6 தொடங்கி, 2010-ல் கைவிட்டார்கள். அதனால்தான் 5-க்கு அப்புறம் நேரே 7. பாதிப்பு நமக்கு. "காவிரி" என்ற சொல்லின் நீளத்தை ஸ்ட்ர்லென் என்ற கட்டளையிடம் கேட்டால் பைட்டை எண்ணி 18 என்கிறது. எம்பி_ஸ்ட்ர்லென் எழுத்தையும் குறியையும் தனித்தனியாக எண்ணி 6 என்கிறது. கிராஃபீம்_ஸ்ட்ர்லென் கண்ணில் படும் எழுத்தை எண்ணி 3 என்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் விடையைக் கடைசி ஆள்தான் சொல்கிறது, அதற்கும் இன்ட்எல் என்ற நீட்சி (கூடுதலாகச் சேர்க்கும் பாகம்) ஏற்றியிருக்க வேண்டும்.

நான் வாங்கியிருக்கும் மலிவு ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) அந்த நீட்சி கிடையாது. கேட்டால் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்று பதில் வருகிறது. முதல் வருஷம் டீக்காசுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருஷம் புதுப்பிக்கும்போது வைக்கும் விலை இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் புலம்பவேண்டும். வாங்குகிறவர்கள் புதுப்பிக்கும் விலையை முதலில் பாருங்கள், அப்புறம் நீட்சிப் பட்டியலைப் பாருங்கள்.

ஆனால் நீட்சி இல்லாததும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. தமிழுக்கு அதிலிருந்து எனக்கு வேண்டியது நார்மலைசர் (ஒரே எழுத்தின் வெவ்வேறு பைட் வடிவங்களை ஒன்றாக்குவது) மட்டும்தான். அது தமிழில் ஒட்டிச் சேர்க்கவேண்டியவை மொத்தம் நாலே நாலு: எகரக் குறியும் காலும் சேர்ந்தால் ஒகரக் குறி, ஏகாரக் குறியும் காலும் சேர்ந்தால் ஓகாரக் குறி, எகரக் குறியும் அந்த வலது பாதியும் சேர்ந்தால் ஔகாரக் குறி, ஒ-வும் வலது பாதியும் சேர்ந்தால் ஔ. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் ஸ்ட்ர்டிஆர் கட்டளையின் ஒரே வரியில் நாலையும் எழுதிவிட்டேன். கொரடாச்சேரி, கொள்ளிடம் என்று தொடங்கும் ஊர்ப் பெயர்களெல்லாம் அப்போதே சரியாகிவிட்டன.

கெளனி ஆகவில்லை. எகரக் குறிக்குப் பின்னால் முழு ள வருவது யூனிகோட் பார்வையில் வேறு சொல், எந்த நார்மலைசரும் அதைத் தொடாது. சரி, நாமே "ெள" வருமிடமெல்லாம் ஔகாரமாக்கிவிடலாம் என்றால் வெள்ளைப் பொன்னி மூக்கில் குத்துகிறது. அதிலும் எகரக் குறி, அதிலும் ள. கெளுத்தி மீனும் அப்படித்தான். வித்தியாசம் எங்கே என்றால், உண்மையான சொற்களில் அந்த ள-வுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு புள்ளியோ குறியோ ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளையில் புள்ளி, கெளுத்தியில் உகரம். ஔகாரத்துக்குப் பதிலாக வந்த ள மொட்டையாக நிற்கும், அடுத்து இன்னொரு எழுத்து வரும். ஆகவே விதி: எகரக் குறி, ள, அதற்குப் பின்னால் சார்ந்து நிற்கும் குறி எதுவும் இல்லை என்றால் மட்டும் மாற்று. வடிவத்தைப் பார்த்து மாற்றும் ப்ரெக்_ரீப்ளேஸ் கட்டளையில், அடுத்து இன்னது இல்லை என்றால் மட்டும் என்று எதிர்மறையாக முன்னே எட்டிப் பார்க்கும் அமைப்பு இருக்கிறது, அதற்குள் குறிகளுக்கான யூனிகோட் வகுப்பைப் போட்டால் போதும். அந்தத் தேடல் வடிவத்தின் கடைசியில் யு என்ற அடையாளத்தை மறக்காமல் போடவேண்டும். அது இல்லாவிட்டால் ள-வின் மூன்று பைட்டையும் மூன்று எழுத்தாகப் பிரித்துக் கடித்துத் துப்பிவிடும்.

இந்த விதிக்கும் ஒரு ஓட்டை உண்டு. குறிப்பு எழுதும் பெட்டியில் ஆட்கள் பேசுகிறபடியே எழுதுகிறார்கள். "போன வருசம் நல்லா வெளஞ்சுது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெளஞ்சுதில் ள மொட்டை. விதி ஓடினால் அது வௌஞ்சுது ஆகி, அடுத்த படியில் வவுஞ்சுது ஆகிவிடும். அதனால் நெல்லின் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் மட்டும்தான் இது. குறிப்புப் பெட்டியைத் தொடுவதே இல்லை. அவரவர் பேச்சு அவரவர் பேச்சாகவே இருக்கட்டும்.

அடுத்த படி எளிது: ஔகாரக் குறியை "வு" ஆக்கு. கௌனி தானாகவே கவுனி ஆகிறது. அப்புறம் ற-வை ர ஆக்கு (கறுப்பு, கருப்பு), ழ-வை ள ஆக்கு (குழியடிச்சானைக் குளியடிச்சான் என்று அடிக்கிறவர்கள் நிறைய), ண-வையும் ந-வையும் ன ஆக்கு. இடைவெளியையும், வாட்ஸாப்பிலிருந்து ஒட்டும்போது கூடவே வந்து உட்காரும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பிலி எழுத்தையும் எடுத்துவிடு. ஓரத்து இடைவெளியை வெட்டும் பிஹெச்பியின் டிரிம் அதை எடுக்காது. கடைசியாக, ஒரே மெய் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாக்கு. இந்தக் கடைசி விதியால்தான் சந்திப் பிரச்சினை தீர்ந்தது. மாப்பிள்ளைச் சம்பா, மாப்பிள்ளை சம்பா, மாப்பிள்ளைச்சம்பா மூன்றும் "மாபிளைசம்பா" என்ற ஒரே அவலட்சணத்தில் போய் விழுகின்றன. அது திரையில் வரப்போவதில்லை. தேடல் சாவி என்று தனிப் பத்தியில் கிடக்கும், அவ்வளவுதான். பதியும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் ஒரே செயல்கூறு வழியாகத்தான் போகவேண்டும்.

என்னை ரொம்பக் காயவைத்தது வரிசை. மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுமே, அந்த மாதிரிதான் இதுவும். இரட்டை மெய்யை முதலில் ஒன்றாக்கினால் "வெள்ளக்கார்" என்று ஒருவர் அடித்தது "வெளகார்" ஆகிறது. இப்போது ள மொட்டை. அடுத்து வரும் ஔகார விதி அதைப் பிடித்து வவுகார் ஆக்கிவிடுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத எழுத்தைக் களைவது முதலில், ஒட்டுச் சேர்க்கை இரண்டாவது, ஔகார விதி மூன்றாவது, இரட்டை மெய் எல்லாவற்றுக்கும் கடைசியில். விதியை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய வரிகளுக்கெல்லாம் சாவியை மறுபடி செய்யவேண்டும். அதற்கென்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தனியாக வைத்திருக்கிறேன்.

ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை மாற்றம் வேண்டும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் தூரம் வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். பார்த்தாயிற்று. பிஹெச்பியில் பழையபடி கூடவே வருவது பைட்டைத்தான் எண்ணுகிறது. ரகரத்தை றகரமாக்கினால் தூரம் 1. இகரக் குறியை ஈகாரமாக்கினால் தூரம் 2, ஏனென்றால் அந்த இரண்டுக்கும் நடுவில் பைட் வரிசை ஒரு கட்டம் தாண்டுகிறது. ஒரு கால் விட்டுப்போனால் 3. இதை வைத்து எந்த எல்லைக்கோட்டைப் போடுவது? ஒலியை வைத்துப் பொருத்தும் சவுண்டெக்ஸ் ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு மட்டும்தான், அந்தப் பக்கமே போகவேண்டாம்.

நடுவில் பரப்பு என்ற பெட்டி ஒரு தனிக் கூத்து. நம் பக்கம் யாரும் ஏக்கரில் மட்டும் சொல்வதில்லை. மூணு மா என்பார்கள், அரை வேலி என்பார்கள். 20 மா ஒரு வேலி, ஒரு மா சுமார் 33 சென்ட் என்று வைத்து உள்ளே சென்ட்டாக மாற்றிச் சேமிக்கிறேன். கணக்கு நோட்டு எழுதிவந்த பெரியப்பா பழைய மா குறியைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டார். 2019-ல் யூனிகோட் 12-ல் அந்தப் பின்னக் குறிகளெல்லாம் தமிழ்த் துணைத் தொகுதியாக வந்துவிட்டன. ஒட்டினேன், தரவுத்தளம் துப்பிவிட்டது. நம் வழக்கமான தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட், இந்தக் குறிகள் 4 பைட். மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று சொன்னால் அது 3 பைட்டோடு நிற்கும் அரைகுறை, யூடிஎஃப்8எம்பி4 என்று சொன்னால்தான் முழுசு. மாற்றியபின் குறி உள்ளே போயிற்று. ஆனால் பெரியப்பாவின் போனில் அதற்கு எழுத்துரு இல்லை, வெறும் கட்டம்தான் தெரிந்தது. "இதுக்கு மான்னே எளுதிட்டுப் போ தம்பி" என்றுவிட்டார்.

எம்பி4-க்கு மாற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. ஹோஸ்டிங்கில் மைஎஸ்கியூஎல் 8, என் பழைய மடிக்கணினியில் எக்ஸாம்ப் (தளத்தைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் தொகுப்பு). எக்ஸாம்பில் 2015-லிருந்தே இருப்பது மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி. ஹோஸ்டிங்கிலிருந்து எடுத்த பிரதியை மடிக்கணினியில் ஏற்றினால் 0900 என்று வரும் வரிசைமுறைப் பெயரை (எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதியின் பெயர்) பார்த்து எனக்குத் தெரியாது என்கிறது. பிரதிக் கோப்பைத் திறந்து அந்தப் பெயரை எம்பி4 யூனிகோட் சிஐ என்று மாற்றிவிட்டு ஏற்றினால் போய்விடும்.

உள்நுழைவு இன்னும் பாதியில் நிற்கிறது. கடவுச்சொல்லை ஹாஷ் செய்து வைப்பது, செஷன் எல்லாம் சரி, ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கடவுச்சொல்லை மறுநாளே மறந்துவிடுவார்கள். குறுஞ்செய்தியில் ஓடிபி அனுப்பலாம் என்றால் மொத்தக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களுக்கான டிஎல்டி பதிவு, அனுப்புநர் பெயர், வார்ப்புரு ஒப்புதல் என்று இழுக்கிறது. இருபது முப்பது பேர் விதை மாற்றிக்கொள்வதற்கு இது அதிகம். ஆளுக்கு நாலு இலக்க எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடலாம், தப்பாக அடித்துக்கொண்டே போனால் பூட்டிக்கொள்ளும்படி செய்யலாம் என்று இருக்கிறேன்.

அதை முடிப்பதற்குள் கை வேறு பக்கம் அரிக்கிறது. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்துவிட்டால் குறுவைக்கு விதை தேடி ஓடுவார்கள். பூங்கார், கருங்குறுவை போன்ற குறுகிய நாள் ரகங்களை அந்தச் சமயத்தில் பட்டியலின் மேலே தூக்கவேண்டும், மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நீண்ட நாள் ரகங்கள் சம்பா பட்டம் வரை கீழே இருக்கட்டும். அட்டவணையில் வயது என்று ஒரு பத்தி சேர்த்தால் முடிந்தது. விதை மூட்டைக்கு ஒட்ட க்யூஆர் சீட்டும் அடிக்கலாம். கும்பகோணத்தில் வாங்கிய லேபிள் சுருள் சாக்கில் இரண்டு நாள் கூட நிற்காமல் உரிந்துவிட்டது. சணல் சாக்கில் ஒட்டி நிற்கும் சுருள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொரு உதவி. ஐகாரத்தை இன்னும் தொடவில்லை. "மாப்பிள்ள சம்பா" என்று அடித்தால் இன்றைக்கும் ஒன்றும் வராது. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரக் குறியை அப்படியே உதிர்த்துவிடலாம், ஆனால் அதையும் ஔகார விதிக்குப் பின்னால்தான் வைக்கவேண்டும் என்பது வரை புரிகிறது. உங்கள் ஊரில் நெல் பெயர்களை எப்படியெல்லாம் எழுதுகிறார்களோ, எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அப்படியே அனுப்புங்கள். சோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.